எந்தச் சூடு?

மதினி சீப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு கொத்து முடி சுருண்டு கிடந்தது.

"பாரு ரோசி. ஒருக்கா சீவுனதுக்கு இம்புட்டு. தெனமும் இப்படித்தான் கொட்டுது. எல்லாம் உடம்புச் சூடு."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் சேவியருக்குத் திண்டுக்கல் டவுனுக்குள் பெயிண்ட் கடை. வீடு சாணார்பட்டி போகிற ரோட்டில் இருக்கிறது. அண்ணனின் ஒரே மகள் ஜெனிட்டா, பதினோராம் வகுப்பு, பள்ளிக் கபடி அணியின் நல்ல ரெய்டர். என்னைக் கண்டால் "அத்தே" என்று வாசலுக்கு ஓடி வருகிற பெண். அன்றைக்கு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வாயைச் சுற்றியும் மூக்கின் ஓரத்திலும் தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. புருவம் மட்டும் அழகாக, கருகருவென்று இருந்தது. செத்த நேரம் கழித்துத்தான் கவனித்தேன், வியர்வையில் ஒரு புருவம் வழிந்துகொண்டிருந்தது. பென்சிலால் வரைந்திருக்கிறாள்.

பதினாறு வயதுப் பெண் இல்லாத புருவத்தை வரைந்துகொண்டு கோயிலுக்குப் போய் வந்திருக்கிறாள், வீட்டில் எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மதினி அடுப்படிக்குள் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். "குடிடி. சூடு தணியும்."

டம்ளரை வாங்கி மோந்து பார்த்தேன். பச்சை முட்டை. அதிலும் வெறும் வெள்ளைக்கரு மட்டும்.

"என்ன மதினி இது?"

"கபடி மாஸ்டர் குடுக்கச் சொன்னாருல்ல. காலைல நாலு, சாயங்காலம் நாலு. பெரிய லீவுல ஆரம்பிச்சது, ஒரு நாள் விட்டதில்ல."

"மஞ்சக்கரு?"

"அது கொழுப்பாமே. உங்க அண்ணனுக்கு ஆம்லெட் போட்டுருவேன்."

அந்த நேரம் பார்த்து அண்ணன் தட்டோடு உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். தலையில் முடி அப்படியே காடாக நிற்கிறது.

யார் குடிக்கிறார்கள், மேடம்?

என் ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜில் தட்டுத் தட்டாக முட்டை இருந்ததைப் பற்றிப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர் ஒருவர், "முட்டையில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது, ஆம்லெட்டைத் தவிர?" என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. சொந்தக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே "முட்டை டாக்டர்" தான்.

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பயோட்டின் என்கிற வைட்டமினைக் கண்டால் அது பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடவே விடாது. இரைப்பையின் அமிலத்தில் போட்டாலும் விடாது, குடலில் செரிமான நீர் எல்லாம் ஊற்றினாலும் விடாது. பிடித்தது பிடித்தபடி வெளியே போய்விடும். அந்த வைட்டமினைச் சாப்பிட்டவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முடிக்கும் தோலுக்கும் தெம்புக்கும் தேவையான வைட்டமின் அது.

கோழி நம்மை ஏமாற்றுவதற்காக இதை வைக்கவில்லை. கிருமி ஏதாவது ஓட்டைத் தாண்டி உள்ளே வந்தால், அதற்கு இந்த வைட்டமின் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். குஞ்சுக்கு வேண்டியதைத் தனியாக மஞ்சள் கருவுக்குள் வைத்திருக்கிறது. அங்கேயும் பயோட்டினைப் பிடிக்கிற புரதம் உண்டு. ஆனால் அது சுமந்து வந்து கொடுக்கிற புரதம். கேட்கிற இடத்தில் விட்டுவிடும்.

திண்டுக்கல்லில் பிறந்துவிட்டுப் பூட்டு, சாவி என்று உதாரணம் சொல்லக் கூடாது என்று பல வருடமாக வைராக்கியமாக இருக்கிறேன். இன்றைக்கு மட்டும் மன்னியுங்கள். அவிடின், சாவியை முழுங்கிவிட்டுத் திருப்பித் தராத பூட்டு.

அதை உடைக்க நமக்குத் தெரிந்த ஒரே வழி, நன்றாக வேக வைப்பதுதான். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வெறும் கையோடு இருக்கிற அவிடினை நல்ல சூடு உருக்குலைத்துவிடும். வைட்டமினைப் பிடித்துக்கொண்ட அவிடினோ கொதிக்கிற தண்ணீரிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்குச் சூட்டைத் தாங்கும். எத்தனை சூட்டில், எவ்வளவு நேரத்தில் எது விடுகிறது, எது விடுவதில்லை என்று பார்ப்பதிலேயே என் இளமை போயிற்று.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நான் பேசி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாம் சரி. இந்தக் காலத்தில் பச்சை முட்டையை யார் குடிக்கிறார்கள், மேடம்?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டு வந்தவர்கூடச் சிரித்தார். பட்டம் கொடுத்தார்கள், அது வேறு விஷயம். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கு வரைக்கும் செரிக்கவில்லை.

அண்ணன் வீட்டில் அந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பெரியவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஜெனிட்டாவின் முன்னால் நிறுத்த வேண்டும் போல இருந்தது.

பச்சை முட்டையும் நல்லெண்ணெயும்

யார் குடிக்கிறார்கள் என்றா கேட்டார்? எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணும் குடித்திருக்கிறாள். நானும் குடித்தேன். காலையில் வெறும் வயிற்றில் முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவார்கள். அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து மேலே ஊற்றுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு சித்தி, கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியம்மா. நான் முதல் நாளே பெரியம்மாவின் புதுச்சேலையில் வாந்தி எடுத்தேன். அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சில நாள் முட்டையால் யாருக்கும் முடி கொட்டியதில்லை. ஒரு முட்டைதான், மஞ்சளும் சேர்ந்துதான் உள்ளே போகும். ஆனால் அதற்குச் சொன்ன காரணம் எல்லோர் மனதிலும் அப்படியே தங்கிவிட்டது. பச்சை முட்டை குளிர்ச்சி, அவித்த முட்டை சூடு. பெண் பிள்ளைக்குச் சூடு ஆகாது.

இந்தச் சூடு இருக்கிறதே, இதுதான் என் எதிரி. என் ஆய்வுக்கூடத்தில் சூடு என்றால் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் சூடு என்றால் அது வேறு. பப்பாளி சூடு, மாம்பழம் சூடு, கோழிக்கறி சூடு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாம்பழமும் சூடுதான். முகப்பரு வந்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, படிக்காமல் படுத்திருந்தால் அதுவும் சூடு. எதைச் செருகி இதை அளப்பது?

"மதினி, இதச் சூடு பண்ணிக் குடுங்க" என்றேன் அன்றைக்கு.

"ஐயையோ, இருக்கிற சூடு பத்தாதா? அவிச்சுக் குடுத்தா இன்னும் சூடாயிரும்" என்றார் மதினி.

"நான் சொல்றது அடுப்புச் சூடு."

"அதேதான். அடுப்புல வெச்சாச் சூடுதான?"

அடுப்பில் வைத்தால் சூடுதான்.

ஆளுக்கொரு காரணம்

அதற்கப்புறம் விசாரித்தால், ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் காரணம் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா ஷாம்பூ என்றார். அண்ணன் செல்போன் என்றார். போர்த் தண்ணீர் உப்பு என்று ஒருவர், கண் பட்டுவிட்டது என்று ஒருவர். ஜெனிட்டாவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தெருமுனை டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் படைக்கு ஒரு களிம்பும், முடிக்கு ஒரு சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "என்னம்மா சாப்பிடுற?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை! ஊசி போடுவதற்கு ஆகிற நேரம்கூட அதற்கு ஆகாது.

அந்த மாத்திரையில் பயோட்டின் கொஞ்சம் இருந்தது, ஆனால் தூசி அளவு. மாத்திரை தொண்டையில் சிக்குகிறது என்று ஜெனிட்டா சொன்னதால், மதினி அதை நுணுக்கி வெள்ளைக்கருவிலேயே கலந்து கொடுத்தார். பாசத்தோடுதான் செய்தார். வைட்டமினை நேராகக் கொண்டுபோய் அதன் எதிரியின் கையிலேயே கொடுத்துவிட்டு, "மாத்திரையும் கேக்க மாட்டேங்குது" என்று மூக்கைச் சிந்தினார்.

மதுரையில் எனக்குத் தெரிந்த தோல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். நான் இன்றைக்கே கூட்டிப் போகிறேன் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏ ரோசி, மாவட்ட டீமுக்கு செலக்சன் வருது. அது முடியட்டும். இப்பப் போயி புள்ளய ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்தடிக்காத."

"முட்டைய நிப்பாட்டுங்க, அது போதும்."

"முட்டைய நிப்பாட்டுனா தெம்புக்கு எங்க போறது? நீ முட்டைக்கு டாக்டரா, மனுசனுக்கு டாக்டரா?"

எட்டு முட்டையின் மஞ்சளையும் தின்றுவிட்டு அவர் இதைக் கேட்டார். மகளுக்குப் போக வேண்டிய வைட்டமின் முழுவதும் அப்பாவின் தலையில் நின்று கறுப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்த டம்ளரை அந்தத் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். மதினி கழுவ வேண்டுமே என்று விட்டேன்.

கலக்கி

சண்டை போட்டுப் போட்டு ஒரு சமரசத்துக்கு வந்தோம். பச்சையாக வேண்டாம், கலக்கியாகக் கொடுக்கிறேன் என்றார் மதினி. எங்கள் ஊர்ப் பரோட்டாக் கடைகளில் கலக்கி சாப்பிடாதவர்கள் கிடையாது. முட்டையைக் கலக்கிக் கல்லில் ஊற்றி, மேலே மட்டும் லேசாகப் பிடித்ததும் சுருட்டி எடுத்துவிடுவார்கள். உள்ளே கொழகொழவென்று இருக்கும். ருசியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மதினி அதை வெள்ளைக்கருவை மட்டும் வைத்துச் செய்தார்.

அடுத்த முறை போனபோது பெருமையாகக் காட்டினார். "பாரு, வெள்ளையாயிருச்சுல்ல? வெந்துருச்சு. ரொம்ப வேகல, அதனால சூடும் இல்ல."

வெள்ளையாகிவிட்டதுதான். ஆனால் முட்டையில் முதலில் கட்டியாகிறது வேறு புரதங்கள். அவிடின் அவ்வளவு சீக்கிரம் உயிரை விடாது. வெள்ளைக்கரு கட்டியான பிறகும், உள்ளே அது கையை விரித்துக்கொண்டு காத்திருக்கும். ஹாஃப் பாயிலிலும் இருக்கும். என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்க இதுதான். நான் சொன்னேன். மதினி தலையை ஆட்டினார். பிறகு, "வெள்ளையாயிருச்சே ரோசி" என்றார் மறுபடியும்.

ஜெனிட்டாவின் முகம் அப்படியேதான் இருந்தது. மேலும் சோர்ந்திருந்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துவிடுகிறாள் என்றார்கள். மாஸ்டர் என்ன சொன்னாராம் தெரியுமா? "புள்ள மந்தமா இருக்கா, முட்டையக் கூட்டுங்க."

மைதானத்தில்

இனிமேல் அவரிடமே பேசிவிடுவது என்று ஒரு சாயங்காலம் நான் வேலை பார்க்கிற கல்லூரியிலிருந்து பஸ் பிடித்து நேராக மைதானத்துக்குப் போனேன். மாஸ்டர் கெட்டவர் இல்லை. தன் கைக்காசில் பிள்ளைகளுக்கு பனியன் வாங்கிக் கொடுக்கிற மனிதர். அதனாலேயே அவரிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அவிடினைப் பற்றிச் சொன்னேன். அமிலம், குடல், பிடி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க படிச்சவங்க மேடம். ஆனா நானும் இந்த மண்ணுல விளையாடித்தான் வந்தேன். பச்சையாக் குடிச்சாத்தான் பவரு. வேக வெச்சா சத்துப் போயிரும். பொம்பளப் பிள்ளைகளுக்குச் சூடு வேற."

"அவ தலையப் பாத்தீங்களா மாஸ்டர்?"

"பாத்தேன். வெயில்ல நிக்கிறால்ல, சூடு. அதான் குளிர்ச்சிக்கு முட்டையக் கூட்டச் சொன்னேன்."

களத்தில் ஜெனிட்டா ரெய்டு போனாள். கோட்டைத் தொட்டுத் திரும்புவதற்குள் கால் தளர்ந்து பிடிபட்டாள். எழுந்திருக்கும்போது தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து விழுந்தது. உச்சியில் ஒரு கைப்பிடி அளவுக்கு வெறும் தோல். எதிரணிப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெனிட்டா துணியை எடுத்து மெதுவாகக் கட்டிக்கொண்டாள். அவசரப்படவே இல்லை. அந்த நிதானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளிடம் நான் புலம்பித் தீர்த்தேன். இத்தனை வருடம் படித்ததும், எழுதியதும், பட்டம் வாங்கியதும் எதற்கு? என் சொந்த அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒரு முட்டையை ஒழுங்காக வேக வைக்க முடியவில்லையே என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஜெனிட்டா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத்தே, முட்டையாலதான் முடி கொட்டுதுன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

"எனக்கு நிச்சயம்தான்டி. மதுரை டாக்டரும் பார்த்துச் சொல்லணும்."

"சரி" என்றாள்.

மறுநாள் அவள் மாஸ்டரிடம் போய்ச் சொன்னது ஒரே வாக்கியம். "சார், பச்ச முட்டை எனக்குச் சூடு. ஒத்துக்கல."

மாஸ்டர் பதறிவிட்டார். "அப்படியா? மொதல்லயே சொல்லக் கூடாதா புள்ள? சூடுன்னா உடனே நிப்பாட்டு. நல்லா அவிச்சுச் சாப்பிடு."

வீட்டிலும் அதையே சொன்னாள், கலக்கியையும் சேர்த்து. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அதான! சூடுன்னாத்தான் முடி கொட்டும். எனக்குத் தோணவே இல்லையே." அண்ணன் அன்றைக்கே என்னைப் போனில் கூப்பிட்டு, மதுரை டாக்டரிடம் எப்போது போகலாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இந்தப் பக்கத்தில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். வெப்பமானி, அமிலம், ஆய்வேடு ஒன்றும் எடுபடவில்லை. சூடு என்ற சொல் மட்டும் எடுபட்டது. அதுவும் தப்பான சூடு!

டாக்டர் ஜெனிட்டாவைப் பார்த்தார். பயோட்டின் குறைபாடுதான் என்றார், அளவு கூடிய சரியான மாத்திரையைக் கொடுத்தார். சில வாரங்களில் முகம் தெளிந்தது. அந்த செலக்சன் அவளுக்குப் போய்விட்டது. அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. புருவம் முதலில் வந்தது, பிறகு தலையில் பிஞ்சு முடி குத்திட்டு முளைத்தது. அவித்த முட்டையில் மஞ்சளை இப்போது அவளே சாப்பிடுகிறாள். அண்ணன் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பாத்தியா ரோசி, சூடு தணிஞ்சதும் முடி வந்துருச்சு" என்றார் ஒரு நாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்புட்டுப் பேருக்கும்

போன மாதம் ஜெனிட்டாவைக் கூப்பிட மைதானத்துக்குப் போனேன். பயிற்சி முடிந்திருந்தது. பெஞ்சில் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. மாஸ்டர் அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, டம்ளர் விளிம்பில் தட்டப் போனார்.

"என்ன மாஸ்டர், இன்னுமா?"

"ஜெனிட்டாவுக்குச் சூட்டு உடம்பு மேடம். அவளுக்கு ஒத்துக்கல. மத்த பிள்ளைகளுக்கு ஒண்ணும் செய்யாது."

வரிசையில் முதலில் நின்ற பெண்ணைப் பார்த்தேன். அவள் அம்மா வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். அந்தப் பெண் உதட்டோரத்தைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தோல் சிவந்திருந்தது. ரத்தம் தலைக்கேறியது எனக்கு. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஜெனிட்டா வந்து மாஸ்டர் கையிலிருந்த முட்டையை வாங்கி அட்டையில் வைத்தாள். அட்டையோடு தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒட்டியிருந்த டீக்கடைக்கு நடந்தாள். "அண்ணே, ஒரு பெரிய சட்டில தண்ணி வைங்க" என்றாள்.

"ஏ புள்ள, உனக்குத்தான சூடு? அம்புட்டுப் பேருக்குமா சூடு?" என்று மாஸ்டர் பின்னாலேயே போனார்.

"அம்புட்டுப் பேருக்கும்தான் சார். வேணும்னா எங்க அத்தைகிட்டக் கேளுங்க. முட்டைல டாக்டர் பட்டம் வாங்குனவங்க."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். பிள்ளைகளும் திரும்பினார்கள். "அப்படியா மேடம்? பச்ச முட்டை சூடா?"

அவிடின், அமிலம், குடல் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அந்தப் பெண் மறுபடியும் உதட்டைத் தேய்த்தாள்.

"ஆமா மாஸ்டர்" என்றேன். "பயங்கரச் சூடு."

கண்ணாடியைத் துடைத்த அந்தப் பெரியவர் அங்கே இருந்திருந்தால் மறுபடியும் சிரித்திருப்பார். சிரிக்கட்டும். கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் போகாது. அந்த டீக்கடைச் சட்டியில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபோது, ஜெனிட்டா முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கிவிட்டு அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

"அத்தே, எம்புட்டு நேரம் வேகணும்?"

இந்த ஊரில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை.

"உடைச்சா மஞ்சக்கரு உதுரணும்டி" என்றேன். "அதுவரைக்கும் எடுக்காத."